வெள்ளை இலைகளை வெட்டிய பிறகு

பச்சையும் வெள்ளையும் கலந்த இலை விடும் அலங்காரச் செடியான என் மான்ஸ்டெரா ஆல்போ போன வாரம் ஒரு புது இலை விட்டிருக்கிறது. உள்ளங்கை அளவுதான். நடுநரம்பின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளை, நடுவே சுண்ணாம்பு தெறித்தது போல நாலைந்து புள்ளிகள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது போய்ப் பார்த்துவிடுகிறேன்.

இதற்கு முன்னால் வந்த மூன்று இலைகளும் சுத்த வெள்ளை. முதலாவது சுருள் பிரிந்த காலையில் கிளம்பவே மனம் வராமல் அதன் முன்னால் நின்றிருந்தேன். பின்னால் விரலை வைத்தால் நிழல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. இரண்டாவது அதைவிடச் சின்னதாக வந்தது, மூன்றாவது இன்னும் சின்னதாக. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மூன்றாவது விரிந்துகொண்டிருக்கும்போதே முதல் இலையின் ஓரத்தில் துருப்பிடித்தது போல ஒரு கறை. தினமும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தது.

தண்ணீர்தான் காரணம் என்று நினைத்தேன். வடிகட்டிய தண்ணீருக்கு மாறினேன். அப்புறம் காற்று வறண்டிருக்கிறது என்று ஈரப்பதமூட்டி வாங்கி 60 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். கறை பரவுவது மெதுவானது, நிற்கவில்லை.

விஷயம் தண்டில் இருந்தது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதனால் அது தனக்கான உணவைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. கீழே இருக்கும் பச்சை இலைகள்தான் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். இந்தச் செடியின் வளர்நுனியில் பச்சையம் உள்ள செல்களும் இல்லாத செல்களும் கலந்தே இருக்கின்றன. கைமிரா என்பார்கள். எந்த வகை செல்லிலிருந்து இலை கிளம்புகிறதோ, அந்த நிறம். என் செடியில் நான்காவது கணு வரை தண்டில் பச்சையும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடின. அதற்கு மேலே வெறும் வெள்ளை. நுனி அப்படி ஆகிவிட்டால் எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் அதில் பச்சை திரும்பாது.

ஆக, கவாத்து ஒன்றுதான் வழி. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அழகான மூன்று இலைகளையும் சேர்த்து வெட்ட யாருக்குத்தான் கை வரும்?

கணுவைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. ஒவ்வொரு கணுவிலும் சின்னதாக ஒரு மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மொட்டு பச்சையும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் கலந்த இலை வர வாய்ப்பு அதிகம். டார்ச் அடித்துப் பார்த்து நான்காவது கணுவை முடிவு செய்தேன். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, அந்தக் கணுவுக்கு ஓர் அங்குலம் மேலே ஒரே வெட்டு. கையுறை கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். சாற்றில் ஊசி மாதிரி கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தோல் அரிக்கும். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் வெட்டிய துண்டுகள் அவற்றின் வாய்க்கு எட்டக் கூடாது.

வெட்டிய பிறகு இலை குறைந்துவிட்டதால் செடி குடிக்கும் தண்ணீரும் குறைந்தது. பழைய கணக்கில் ஊற்றியிருந்தால் வேர் அழுகியிருக்கும். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினேன். தொட்டியில் மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைப் பாறைத் துகள், கோகோபீட் என்ற தேங்காய் நார்த் தூள் கலந்த கலவை. தண்ணீர் ஊற்றியதும் கீழே இறங்கிவிடும். உரம் எதுவும் போடவில்லை. இடம் மட்டும் கிழக்கு ஜன்னல் பக்கமாக மாற்றினேன். நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் நேராகப் பட்டால் வெள்ளைப் பகுதி முதலில் கருகும்.

ஐந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறாவது வாரம் மொட்டு தடித்தது. அதிலிருந்து இந்த இலை விரிய இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

வெட்டிய வெள்ளை இலைகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தேன். சில வாரங்கள் இருந்தன. இப்போது அந்த ஜாடி காலி. செடியில் அடுத்த துளிர் கூம்பாக நிற்கிறது. இன்று காலை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன், உறைக்குள்ளே ஒரு பச்சைக் கோடு தெரிகிறது.