பார்த்தாலே ஏற்றுமதிதான்

சீனாவில் திரட்டிய தனிநபர் தகவலை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்த நாட்டில் கட்டுப்பாடு உண்டு. "தரவெல்லாம் ஷாங்காய் சர்வரில்தான் இருக்கிறது, வெளியே எதுவும் போகவில்லை" என்று நம்பியிருக்கும் நிறுவனங்கள்தான் அதில் முதலில் மாட்டுகின்றன. சென்னையில் உட்கார்ந்திருக்கும் சப்போர்ட் எஞ்சினியர் அந்த டேட்டாபேஸைத் திறந்து பார்க்க முடிந்தாலே, சீன விதிப்படி அது தகவல் ஏற்றுமதி. ஆகவே யார் யாருக்கு லாகின் இருக்கிறது என்ற பட்டியலை முதலில் எடுக்க வேண்டும். பழைய ஒப்பந்தப் பணியாளர்களின் கணக்குகள் அதில் தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது தலைக்கணக்கு, அதாவது எத்தனை பேரின் தகவல் வெளியே போகிறது என்பது. 2021 நவம்பர் 1 முதல் சீனாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 2024 மார்ச் 22 அன்று வந்த விதிகள் அதன் ஏற்றுமதிக் கெடுபிடியைத் தளர்த்தின. அந்தந்த ஆண்டின் ஜனவரி 1-லிருந்து எண்ண வேண்டும். சாதாரணத் தகவல், 1 லட்சம் பேருக்குள் என்றால் அரசிடம் பதிவு வேண்டாம். 10 லட்சம் வரை போனால் தகவலை அனுப்புபவரும் வெளிநாட்டில் பெறுபவரும் போடும், அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தமோ தகவல் பாதுகாப்புச் சான்றிதழோ போதும். அதைத் தாண்டினால் சீன அரசின் இணையக் கட்டுப்பாட்டு அமைப்பான இணையவெளி நிர்வாகத்தின் பாதுகாப்பு மதிப்பீடு. அந்தரங்கத் தகவலுக்கு இலவச வரம்பே கிடையாது: 10,000 பேருக்குள் இருந்தாலும் ஒப்பந்தமோ சான்றிதழோ வேண்டும், மிஞ்சினால் மதிப்பீடு. கைரேகை, வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எந்தத் தகவலும் இந்த வகை.

ஊழியர் நிர்வாகத்துக்கு விலக்கு உண்டு என்றதும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். முறைப்படி இயற்றிய பணி விதிகளோ கூட்டு ஒப்பந்தமோ இருந்து, அனுப்புவது உண்மையிலேயே அவசியமானால்தான் அந்த விலக்கு. வேலைக்கு விண்ணப்பித்தவர்களையும், காப்பீட்டுப் படிவத்தில் வரும் ஊழியரின் குழந்தைகளையும் அதற்குள் திணிப்பது ஆபத்தான துணிச்சல். பதிவிலிருந்து விலக்கு கிடைத்தாலும், தகவலை அனுப்புவதால் அதற்குரியவர்களுக்கு என்ன ஆபத்து என்று நிறுவனமே ஆராயும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதியே ஆக வேண்டும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மாதிரி ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் மாற்ற முடியாது. தலைமையகத்து வக்கீல்கள் வழக்கம்போலச் சிவப்பு மையோடு வருவார்கள். முரண்படாத கூடுதல் நிபந்தனைகளைப் பின்னிணைப்பில் சேர்க்கலாம் என்று சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்தலாம். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 10 வேலை நாட்களுக்குள் இணையவெளி நிர்வாகத்தின் மாகாண அலுவலகத்தில் பதிய வேண்டும். தாக்க அறிக்கை, பதியும் நாளுக்கு முந்தைய 3 மாதத்துக்குள் முடித்ததாக இருக்க வேண்டும். கையெழுத்துக்காக ஒப்பந்தம் நாலு நாடு சுற்றுவதற்குள் அறிக்கை காலாவதியாகிவிடும். அதனால் கையெழுத்துக்கான தேதியைக் குறித்துக்கொண்ட பிறகே அறிக்கையைத் தொடங்குவது நல்லது.