எட்னாச் சரிவில் முந்திரிகை பறிப்பு

ஒக்டோபர் 14

பலெர்மோவிலிருந்து விடியப்புறம் கிளம்பி, எட்னா எரிமலையின் வடக்குச் சரிவில் இருக்கும் சொலிக்கியாத்தாவுக்கு மத்தியானம் வந்து சேர்ந்தேன். சிசிலியின் தாழ்ந்த பகுதிகளில் பறிப்பு முடிந்து வாரக்கணக்காகிறது. இங்கே இனித்தான் தொடக்கம். நெரெல்லோ மஸ்கலேசே என்ற இந்த வைன் முந்திரிகை (திராட்சை) பிந்திப் பழுக்கிற சாதி, தோட்டமோ 700 மீற்றர் உயரத்தில். பகலில் வெயில் சுடுகிறது, இரவில் இரண்டு போர்வை வேண்டும். இந்தக் குளிர்தான் பழத்தில் புளிப்பு இறங்கிவிடாமல் வைத்திருக்கிறது.

ஒக்டோபர் 16

யாழ்ப்பாணத்தில் எங்கள் முந்திரிகை பந்தலில் படரும். அண்ணாந்து பறித்துப் பழகிய எனக்கு இங்கே நாள் முழுக்கக் குனிந்த வேலை. ஒவ்வொரு செடியும் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. 'அல்பெரெல்லோ', அதாவது சின்ன மரம் என்கிறார்கள். கருங்கல் மதில் கட்டிய இந்தப் படிவரிசைகளுக்குள் இயந்திரம் நுழையாது.

சில செடிகளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது என்றார் தோட்டத்துப் பெரியவர். 19ஆம் நூற்றாண்டில் ஃபிலொக்சரா என்ற பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களின் வேர்களை அழித்தது. அதற்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். எட்னாவில் எரிமலை மணல் மிகுந்த இடங்களில் அந்தப் பூச்சியால் பரவ முடியவில்லை. சொந்த வேரிலேயே நிற்கும் கிழட்டுச் செடிகள் அப்படித்தான் மிஞ்சின. ஒன்றின் அடியைத் தடவிப் பார்த்தேன், முறுக்கிப் பிழிந்த துணிபோல இருந்தது. கையை எடுக்க மனமே வரவில்லை.

ஒக்டோபர் 17

மழை. வேலை இல்லை.

ஒக்டோபர் 19

இன்று பார்த்ததை எழுதாமல் நித்திரை வராது. ஒரு மதில். இந்தப் பக்கம் மாவுபோலக் கறுத்த மணல், கணுக்கால் புதைகிறது. அந்தப் பக்கம் முழுக்கக் கல்லும் சரளையும். எரிமலைக் குழம்பு வேறு வேறு காலங்களில் வந்து நின்ற இடங்கள் இவை. புதுக் குழம்பு வெறும் பாறை. அது மண்ணாக நூற்றாண்டுகள் வேண்டும். 1981 மார்ச்சில் ரந்தாத்சோ அருகே இறங்கிய குழம்பு பல தோட்டங்களை மூடியது. இங்கே ஒவ்வொரு துண்டு நிலமும் 'கொன்த்ராதா' என்று தனிப்பெயர் பெற்றிருப்பதன் நியாயம் இன்றுதான் விளங்கியது. அந்தப் பெயரைப் போத்தலிலும் போடுகிறார்கள்.

ஒக்டோபர் 21

பின்னேரம் பெரியவர் மதிலின் இரண்டு பக்கத்து வைனையும் ஊற்றித் தந்தார். 'எட்னா ரொஸ்ஸோ' என்று பெயர் போட நெரெல்லோ மஸ்கலேசே குறைந்தது 80 வீதம் இருக்கவேண்டும். எட்னா வைனுக்கான சட்டம் 1968இல் வந்தது. நிறம் மாதுளஞ்சாற்றில் தண்ணீர் விட்டதுபோல வெளிறித் தெரியும், அதை நம்பிவிடக் கூடாது. துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. மணல் பக்கத்தது மெதுவானது, செம்பழ வாசம். கல் பக்கத்தது இறுக்கம், கடைசியில் ஒரு உப்புக் கரிப்பு. ஒரே சாதி, பறித்ததும் ஒரே ஆட்கள். எனக்குக் கல் பக்கத்ததுதான் பிடித்தது. அப்புறம் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

ஒக்டோபர் 23

இரவு மலை கறுப்புத் தூளைத் தூவியிருக்கிறது. இவர்களுக்கு எட்னா பெண். "அவள் இப்படித்தான்" என்றார் பெரியவர். குலைகளை ஒவ்வொன்றாக ஊதி ஊதிப் பெட்டியில் அடுக்கினோம். மேல்துண்டு இன்னும் பாக்கி.