மாலை ஆறு மணிக்கு மங்கும் இணையம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கும் இடத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. கல் சுவர் வைத்துக் கட்டிய பழைய வீடு. ஃபைபர் எனும் கண்ணாடி இழை வழியாக வரும் இணைய இணைப்பு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 150 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 150 மெகாபிட் திட்டம். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் இரவு எட்டு மணி வரை காணொளியில் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இந்த ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம், பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய இணையம் மாலை ஆறு மணியானதும் தடுமாறியது. எதிரில் பேசுகிறவரின் முகம் அப்படியே நின்றுவிடும், குரல் விட்டுவிட்டு வரும், சில நாள் ஃபைபர் வந்து சேரும் ரவுட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாமே அடங்கிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இணைய நிறுவனத்துக்கு நான்கு முறை புகார் கொடுத்தேன். நான்கு முறையும் மாலையில் எல்லோரும் பயன்படுத்துவதால் லோடு அதிகம் என்றே பதில் வந்தது. மே மாதம் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் காற்றும் மழையுமாக அடித்தபோதும் இணைப்பு போனது. அதற்கு மழை காரணம் என்றார்கள். லோடு என்ற பதிலை முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. தெருவில் ஒரே ஃபைபர் இழை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிந்து போவது வழக்கம், நொடிக்கு 2.5 கிகாபிட் அளவில் வருவதை அத்தனை வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆறு மணிக்கு மேல் ஊரே வீடு திரும்பிப் படம் பார்க்க உட்காருகிறது. நம்பும்படியான காரணம் என்பதாலேயே நானும் இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

ஏழாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய ரவுட்டர் வாங்கக் கிளம்பிய என்னைத் தடுத்தவன் என் தம்பி. "நெட் ஸ்லோன்னு மொத்தமா சொல்லாதே அக்கா, எந்த இடத்துல ஸ்லோன்னு முதல்ல பாரு" என்றான். கணினியிலிருந்து பெட்டி வரை ஒரு வழி, பெட்டியிலிருந்து இணைய நிறுவனத்தின் நிலையம் வரை இன்னொரு வழி, அதற்கு அப்பால் வெளியுலகம் என்று மூன்று பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து, நேரத்தோடு நோட்டில் எழுதி வை என்றான். சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எல்லாக் கணினியிலும் இருக்கும் பிங் கட்டளையே போதும்; ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது அது. 192.168.1.1 என்று எங்கள் பெட்டியின் முகவரிக்கு நூறு முறை அனுப்பி எத்தனை திரும்பி வருகின்றன என்று பார்க்க வேண்டும், பிறகு 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு அதையே செய்ய வேண்டும். முதலாவதிலேயே ஓட்டை என்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவது ஒழுகினால் கோளாறு பெட்டியைத் தாண்டி.

வீட்டுக்குள்ளும் கோளாறு இருக்கத்தான் செய்தது. என் அறைக்கும் பெட்டி இருக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டு கல் சுவர்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். 2.4 தாண்டி வரும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் சிக்னலும் அதே வழியில் தாண்டி வந்து முட்டிக்கொள்ளும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாமல் வைத்துக்கொள்ளக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் 6இல் இருந்தார்கள், நாங்களும் 6இல் இருந்தோம். 11க்கு மாற்றினேன். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது என்பதால், அடுப்பு ஓடும்போது கைப்பேசி இழுப்பதற்கும் காரணம் புரிந்தது.

பிறகு லேன் ஒயரை எடுத்துக் கணினியில் நேராகச் சொருகினேன். வேகம் எத்தனை முறை சோதித்தாலும் 94க்கு மேல் ஏறவில்லை. இந்த எண்ணைக் கண்டால் இணைய நிறுவனத்தைச் சந்தேகிக்காமல் ஒயரைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஒயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், நான்கு மட்டும் நன்றாக இருந்தால் இரு பக்கமும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், அதில் கையில் கிடைப்பது 94 அளவு. அறைக் கதவின் அடியில் போன இடத்தில் ஒயர் நசுங்கி ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. மாற்றியதும் 150 வந்தது. பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைத்து அன்று மாலை கூட்டத்தில் உட்கார்ந்தேன். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முகம் நின்றுபோனது.

ஆனால் இந்த முறை நோட்டு கையில் இருந்தது. பெட்டிக்கு அனுப்பிய நூறும் ஒரு மில்லி நொடியில் திரும்பின. கூகுளுக்கு அனுப்பியதில் பதினான்கு தொலைந்தன. நூற்றில் பதினான்கு போனால் மீதி எண்பத்தாறு வருகிறதே என்று நினைக்கக் கூடாது. பாக்கெட் எனும் தகவல் துண்டு தொலைந்தால் அனுப்பும் பக்கம் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் வேகம் அடிமட்டத்துக்கே போய்விடும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, ஃபைபர் வழியாக வந்து சேரும் ஒளியின் அளவு அங்கே காட்டப்பட்டிருந்தது: மைனஸ் 27 டிபிஎம். டிபிஎம் என்பது ஒளியின் வலிமையை டெசிபெல் கணக்கில் சொல்லும் அளவு, மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாக ஆக ஒளி மங்கல். மறுநாள் காலை அதே இடத்தில் மைனஸ் 19. மூன்று டெசிபெல் குறைந்தால் ஒளி பாதியாகிவிடும். எட்டு குறைந்தால் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மைனஸ் 27, 28 என்பது இத்தகைய பெட்டிகள் தட்டுத்தடுமாறும் எல்லை.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தெருவில் எத்தனை பேர் படம் பார்த்தாலும் தாமதம் கூடும், வேகம் குறையும். என் வீட்டுக்கு வரும் ஒளி மங்காது. கூட்டத்துக்கும் ஒளிக்கும் சம்பந்தமே இல்லை. ஆறு மணிக்கு எதுவோ ஒன்று அந்த இழையைத் தொடுகிறது.

எது என்று கண்டுபிடிக்க உதவியது என் அறிவு அல்ல. அத்தை மூன்று நாள் கோலார் தங்கவயலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த மூன்று மாலையும் நோட்டில் ஒளி மைனஸ் 19, தொலைந்தவை சுழி. அத்தை திரும்பி வந்த மாலை, விளக்கேற்றும் முன்பு வழக்கம்போலக் கூடத்து ஜன்னலைச் சாத்தினார். ஏரிக்கரை வீட்டில் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தாவிட்டால் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் விழுந்த சில நொடிகளில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஜன்னலைத் திறந்து கீல் பக்கம் பார்த்தால், தெருவிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு ஒயர் மரச்சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே நுழைந்து வந்தது. கதவு சாத்தும்போதெல்லாம் அந்த இடத்தில் அது முழங்கையாக மடிந்திருக்கிறது. உறையில் நகத்தால் கீறியதுபோல வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பித்தான் முன்னே போகிறது. இழை கூர்மையாக மடிந்தால் மடிப்பிலேயே ஒளி வெளியே கசிந்துவிடும். நீண்ட அலைநீளம் இன்னும் அதிகமாகக் கசியும்; நமக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், நாம் அனுப்புவது 1310, ஆகவே அடி அதிகமாக விழுந்தது வருவதற்கு. பிற்பகல் மழையன்று இணைப்பு போனதும் இதனால்தான். சாரல் அடிக்கிறதென்று நானே ஓடிப்போய் அந்த ஜன்னலைச் சாத்தினேன். புகாரைச் சோதிக்க அவர்கள் லைனைப் பார்த்ததெல்லாம் காலை பத்து மணிக்கு, ஜன்னல் திறந்திருக்கும் வேளையில்.

ஐந்தாவது புகாரில் நான் ஸ்லோ என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. காலையில் மைனஸ் 19, மாலையில் மைனஸ் 27, ஜன்னலில் இழை மடிகிறது, வழி மாற்றித் தர ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறுநாளே லைன்மேன் வந்தார். ஜன்னலை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, இதைப் போட்டது நானில்லை அக்கா என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். சட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் துளை போட்டு, மடிந்த பகுதியை வெட்டியெறிந்து, புதிய ஒயரை அகலமான வளைவாக உள்ளே கொண்டுவந்து, மீட்டரில் அளந்து காட்டினார்: மைனஸ் 18.6.

இப்போதும் இரவு ஒன்பது மணிக்கு வேகம் 150இலிருந்து 100, 90 என்று இறங்குகிறது. அது உண்மையிலேயே கூட்டம். பாக்கெட் தொலைவதில்லை, காணொளி நிற்பதில்லை, நான் புகார் செய்யப் போவதுமில்லை.

லைன்மேன் கிளம்பும்போது அத்தை அவரை நிறுத்தி, இந்த ஓட்டை வழியாகக் கொசு வராதா என்று கேட்டார். அவர் பையிலிருந்து எம்-சீல் எடுத்துப் பிசைந்து துளையைச் சுற்றி அடைத்தார். மாலை ஆறு மணிக்கு அத்தை அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, இறுகிவிட்டது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஜன்னலைச் சாத்தினார்.