வீடு தேடும் தேனீக்களிடம் கூட்டம் நடத்தக் கற்கலாம்

தேனீக்கள் எங்கே குடியேறுவது என்பதை ராணி முடிவு செய்வதில்லை. பழைய கூட்டிலிருந்து பிரிந்து வந்த கூட்டம் கிளையில் திரளாகத் தொங்கும்போது, சில நூறு மூத்த தேனீக்கள் மட்டும் இடம் பார்க்கக் கிளம்பும். ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும் பொந்து, சின்ன வாசல், தரையிலிருந்து நல்ல உயரம் என்றால் அவற்றுக்குப் பிடிக்கும்.

தேனீக்கள் இடத்தை மற்றவற்றுக்குச் சொல்வது ஆட்டத்தால்தான். நல்ல இடம் கண்ட தேனீ திரும்பி வந்து நீண்ட நேரம் ஆடும்; சுமாரான இடம் என்றால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஆட்டத்தைப் பார்த்த இன்னொரு தேனீ அதை அப்படியே நம்பி ஆடுவதில்லை. தானே பறந்துபோய், பொந்தின் உள்சுவரில் நடந்து அளந்து பார்த்த பிறகுதான் ஆடும். என்னைக் கேட்டால் இதுதான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி. ஆடுகிற தேனீயும் ஒவ்வொரு நடைக்கும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்திவிடும், பிடிவாதத்துக்கு இடமில்லை. ஒரு பொந்தில் ஒரே நேரத்தில் 20, 30 தேனீக்கள் சேர்ந்துவிட்டால் முடிவு உறுதி.

அலுவலகக் கூட்டத்தில் தலைவர் முதலில் வாய்திறந்தால் மற்றவர்கள் அதையே வழிமொழிவார்கள். எனவே ஆளுக்கொரு தாளில் கருத்தை எழுதி வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். ஆதரிப்பவர் நேரில் சரிபார்த்தாரா என்று கேளுங்கள். எத்தனை பேர் சம்மதித்தால் போதும் என்பதையும் முன்பே அறிவித்துவிடுங்கள்: எண்ணிக்கை குறைவாக இருந்தால் அவசர முடிவு, கூடினால் இழுபறி.