அப்பத்தாவோடு நடந்த மாணவி

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம். போன வருடம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள், ஏழு நாள் ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். கையெல்லாம் முள் கீறல். அப்படி ஒரு உழைப்பு. ஆனால் மழை பெய்தும் ஊருணியில் தண்ணீர் சேரவில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தது. அதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

அவர்களில் ஒரு பெண் மட்டும் திரும்பி வந்தாள். என் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு, முன்பு தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று நடந்தே பார்த்தாள். வேப்பமரம், களத்துமேடு, ஒரு உடைந்த மடை என்று நோட்டில் வரைந்துகொண்டாள். அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊர்ப் பெண்களே எழுந்து வரத்துக்காலைப் பற்றிக் கேட்டார்கள். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

இதைப் பல்கலைக்கழகங்கள் பாடமாகவே வைக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்திலேயே இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரப் பணி இருக்கிறது. முழுவதையும் ஒரே ஊரில் செலவிடட்டும். பஞ்சாயத்துக் கணக்கைப் படிக்கவும் மனு எழுதவும் சொல்லிக்கொடுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். ஊரோடு பழகிய தொண்டர்களால்தான் அது நடந்தது.

இந்த வருட முகாம் தையில் வருகிறது. "அந்தப் புள்ள வருமா?" என்று அப்பத்தா இப்போதே கேட்கிறார்.