பேர் விழுந்துருச்சா, ஐயா?

அந்தி நிறுவை நேரத்தில் தராசுப் பக்கம் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலிக்கான கணக்குக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோவை எட்டினால் முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர். மஸ்கெலியாப் பக்கம் நான் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த தோட்டத்தில் அந்தக் கணக்கு 18 கிலோ.

முதல் மாதத்தில் கொழுந்தைவிட ஆட்களின் வேகத்தைத்தான் அதிகம் கவனித்தேன். பகல் நிறுவையில் ஏழு கிலோ காட்டியவர் பேசிக்கொண்டே போவார். பதினைந்து காட்டியவர் பேச மாட்டார். அவருடைய இரண்டு கையும் தேயிலைச் செடியின் வாதுக்கு மேல் பறக்கும். எனக்கு அந்தப் பறப்பு தெரியும். ராத்திரி குவாட்டர்ஸில் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் அதே வியாதிதான். ஒரு விளையாட்டில் கூரை கூரையாக ஏறி நூறு இறகு பொறுக்க வேண்டும். அந்த இறகால் கதையில் ஒரு மண்ணும் நகராது. முப்பதில் இருக்கும்போது 'போகட்டும்' என்று விட்டுவிட்டேன். தொண்ணூற்று நாலு ஆனபோது விடியற்காலை இரண்டு மணி. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்குப் போக வேண்டும். தூங்கவில்லை.

இந்தப் பித்து புதிதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் என்ற வீடியோ கேம் நிறுவனம், குறித்த புள்ளியை எட்டியவர்கள் டிவி திரையைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பினால் ஒரு துணி பேட்ஜ் அனுப்பி வைத்தது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 அதையே இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது, 2008இல் பிளேஸ்டேஷனுக்கு டிராபிகள் வந்தன. எல்லா டிராபியையும் எடுத்தவனுக்குக் கடைசியில் ஒரு பிளாட்டினம். வந்து விழும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காக நான் செலவழித்த ராத்திரிகளைக் கணக்குப் பார்க்க எனக்கே பயம்.

பதினைந்து கிலோக்காரருக்கும் ஏழு கிலோக்காரருக்கும் உள்ள வித்தியாசம் போன்ற ஒன்றைப் பற்றி 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. நூனஸ், ட்ரேஸ் என்ற இருவர் கார் கழுவும் இடமொன்றில் அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு தடவை இலவசம். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தியிருக்கும். இரண்டு கூட்டமும் கழுவ வேண்டியது எட்டுத் தடவைதான். முதல் கூட்டத்தில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவது கூட்டத்தில் 34 சதவீதம். தொடங்கியாயிற்று என்ற நினைப்பு ஒன்றே போதும் போலிருக்கிறது.

சரி, நிர்வாகமும் இதைக் கண்டுகொண்டது. ஆபீஸ் சுவரில் ஒரு பலகை ஏறியது. மாதத்தில் அதிகக் கொழுந்து எடுத்தவருடைய பெயர், கிலோ, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பரிசு ஒரு பிளாஸ்க். எனக்கும் முதலில் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் தொழிற்சாலையிலிருந்து கத்தினார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வர வேண்டிய இடத்தில் முத்தல் இலையும் காம்புமாக வருகிறது என்று. தராசுக்கு எடை மட்டும்தானே தெரியும். பலகையும் தராசைத்தான் பார்த்தது. பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒன்றாக உட்காரும் இரண்டு அக்காமார் அந்த மாதம் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து குடித்தார்கள். பலகை சத்தமில்லாமல் இறங்கியது. பிளாஸ்க் இன்னும் ஸ்டோர் அலமாரியில் இருக்கிறது.

அந்த இருவரில் மூத்தவருடன் இந்த சீசனில் சிவனொளிபாதமலை ஏறினேன். யாத்திரைச் சீசன் என்பது மார்கழிப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. எங்கள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக் கூட்டமே நல்லதண்ணிப் பக்கத்தால் ராத்திரி ஏறியது. 2,243 மீட்டர். உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். அங்கே எழுதி வைக்க யாரும் இல்லை, சரிபார்க்கவும் யாரும் இல்லை.

நான் ஒரு தடவை அடித்துவிட்டு ஒதுங்கினேன். அக்கா உதடு அசைய எண்ணி எண்ணி அடித்தார். பதினொன்று.

"பன்னெண்டுன்னு சொன்னீங்களே அக்கா?"

"போன வருஷம் முழங்கால் வலின்னு பாதியில எறங்கிட்டேன் ஐயா. அது எப்படிக் கணக்குல வரும்?"

மறுநாள் தேயிலை மலையில் யாருக்கும் கால் நிற்கவில்லை. அந்தி நிறுவைக்குக் கடைசியாக வந்தவர் அவர்தான். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தளர்த்திக்கொண்டே, இடுப்பில் கை வைத்துத் தராசைப் பார்த்தார். முள் பதினேழரையில் ஆடிக்கொண்டிருந்தது.

"பேர் விழுந்துருச்சா, ஐயா?"

"விழுந்துருச்சு அக்கா" என்று புத்தகத்தில் 18 எழுதினேன்.