பின்னியதைச் சுருக்கிப் பை செய்தல்: புதுச்சேரி வீட்டில் ஃபெல்ட் வேலை

கம்பளி நூலைத் தளர்வாகப் பின்னி, வெந்நீரும் சோப்பும் சேர்த்து நன்றாக அலசினால், பின்னல் சுருங்கித் தடித்துக் கண்ணிகள் (பின்னலின் நூல் வளையங்கள்) மறைந்துவிடும். கத்தரிக்கோலால் எங்கே வெட்டினாலும் இழை பிரியாது. இப்படிக் கிடைக்கும் ஃபெல்ட் துணியில் மூக்குக்கண்ணாடி உறை, கைப்பை, பூந்தொட்டிக்கு உறை என்று சின்னச் சின்னப் பொருள்களைச் சில மாதங்களாகச் செய்துவருகிறேன். பின்னுவதற்கு வீட்டுப் பின்னல் இயந்திரம், சுருக்குவதற்குப் பழைய செமி ஆட்டோமேட்டிக் சலவை இயந்திரம்.

புதுச்சேரி வெயிலில் கம்பளி எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது அதன் கதகதப்பு அல்ல, விறைப்பு. லைனிங் இல்லாமலே நிமிர்ந்து நிற்கிற, ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லாத, கண்ணாடியைக் கீழே போட்டாலும் காப்பாற்றுகிற துணி வேறு எந்த நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை 2020-இல் மூடப்படும்வரை இருந்த ஊர் இது. பருத்தி எங்களுக்குப் பழக்கம். ஆனால் பருத்தி இழையின் மேற்பரப்பில் செதில் கிடையாது. கம்பளி ரோமத்தின் மேல் ஒரே திசையைப் பார்த்தபடி நுண்ணிய செதில்கள் அடுக்காக இருக்கின்றன. ஈரத்தில் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு ரோமமும் வேர்ப்பக்கமாக மட்டுமே நகர்கிறது. திரும்பி வர முடியாமல் பக்கத்து ரோமத்துடன் சிக்கிக்கொள்கிறது. ஃபெல்ட் என்பதே இந்தச் சிக்கல்தான்.

பின்னல் இயந்திரம் பழையது. பிரதர் நிறுவனத்தின் 200 ஊசி கொண்ட வகை, ஊசிக்கு ஊசி 4.5 மில்லிமீட்டர். அந்த நிறுவனம் பின்னல் இயந்திரம் செய்வதையே நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. இப்படிப்பட்டதை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் நீளமான இரும்புப் பட்டையை. அதற்குள் ஒரு பஞ்சு இருக்கும். காலப்போக்கில் அது நசுங்கித் தூளாகிவிடும். அப்போது ஊசிகள் மேலே தூக்கிக்கொள்ளும், கண்ணி நழுவும், ஊசிகளின் மேல் நூலோடு நகரும் கேரியேஜ் இடிக்கும். இயந்திரமே கெட்டுவிட்டது என்று விற்கப்படும் பலவற்றில் குறை இந்தப் பஞ்சு ஒன்றுதான் என்று நம்புகிறேன். அதே அகலத்துக்குப் புதுப் பஞ்சு வெட்டி ஒட்டியதும் என்னுடையது சீராக ஓடியது. கடற்காற்றில் ஊசிகள் துருப்பிடிக்கும் என்பதால் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, வேலை முடிந்ததும் மூடிவைக்கிறேன். எண்ணெய் கூடினால் நூலில் கறையாகும்.

நூல்தான் பெரிய தேடலாக இருந்தது. நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அது எத்தனை நாள் வெந்நீரில் கிடந்தாலும் சுருங்காது. சந்தேகம் வந்தால் சிறு துண்டைக் கொளுத்திப் பார்த்துவிடுகிறேன்: கம்பளியானால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கெட்டி மணியாக இறுகும். அசல் கம்பளியிலும் ‘சூப்பர்வாஷ்’ என்று அட்டையில் போட்டிருந்தால் வேண்டாம். இயந்திரத்தில் துவைப்பதற்காகவே அதன் செதில்களை அரித்தோ பூச்சால் மூடியோ விடுகிறார்கள். ஃபெல்ட் ஆவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் சாதாரணக் கம்பளி நூலை லூதியானாவிலிருந்து தபாலில் வரவழைத்துக்கொள்கிறேன்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது மாதிரித் துண்டை. கையால் பின்னுகிறவருக்கு மனநிலைக்கேற்பக் கண்ணி இறுகும், தளரும். இயந்திரத்தில் கண்ணியின் இறுக்கத்தை முடிவு செய்யும் டென்ஷன் டயலை ஓரிடத்தில் வைத்தால் ஆயிரமாவது கண்ணியும் முதல் கண்ணியைப் போலவே இருக்கும். அதனால் ஒரு சிறு துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிட்டால், அதே நூலில் பின்னும் பெரிய பையின் அளவையும் காகிதத்தில் முன்கூட்டியே எழுதிவிடலாம். இந்த வேலைக்கு இயந்திரத்தை நான் விரும்புவது வேகத்துக்காக அல்ல, இந்தக் கணக்குக்காக.

டயலை 10-இல், அதாவது இருப்பதிலேயே தளர்வாக வைத்து, 60 கண்ணி, 80 வரிசை பின்னினேன். அது 25-க்கு 25 செ.மீ. சதுரம். சலவைக்குப் பின் அகலம் 20 செ.மீ., உயரம் 16.5 செ.மீ. பின்னல் துணி பொதுவாகவே அகலத்தைவிட உயரத்தில் அதிகம் சுருங்கும். இங்கே அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் போய்விட்டன. ஆக, முடிந்த துணியில் ஒரு செ.மீ. அகலத்துக்கு 3 கண்ணி, ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 4.85 வரிசை. இந்த இரண்டு எண்களையும் இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். நூல் மாறினால் இரண்டும் மாறும்.

கண்ணாடி உறைக்கு 18 செ.மீ. அகலம் வேண்டும்: 54 கண்ணி, பக்கத்துக்கொன்றாகத் தையலுக்கு இரண்டு, மொத்தம் 56. முன்பக்கம் 8, பின்பக்கம் 8, மூடி 6 என 22 செ.மீ. நீளம்: 107 வரிசை. முதலில் வேண்டாத நூலில் சில வரிசைகள் பின்னி, எடையைத் தொங்கவிட்டு, பிறகு கம்பளிக்கு மாறுகிறேன். இயந்திரத்திலிருந்து வருவது வலை போலத் துவண்டு கிடக்கும் ஒரு துணி. இதிலா பை என்று தோன்றும். அந்தத் தளர்வு அவசியம். இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பின்னினால் ரோமங்கள் நகர வழியில்லை, துணி பாதியில் நின்றுவிடும். பக்கங்களை அதே நூலால் சலவைக்கு முன்பே தைத்துவிடுகிறேன். சுருங்கியபின் தையல் இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.

இனி தண்ணீர். பின்னலைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். கடற்கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினமும் கொண்டது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்து கம்பளியில் ஒட்டிக்கொள்ளும், நுரை வராது. இரண்டு வழிகள் பலன் தந்தன. ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் பிடித்துவைத்த நீர். சிறிது சோப்புக்கே அத்தனை நுரை. மற்றொன்று, பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடித்த சாறு. அதன் நுரை கடின நீரிலும் திரியாது. சலவை சோடா போட்டும் நீரை மென்மையாக்கலாம். ஆனால் காரம் கூடினால் கம்பளி நைந்துபோகும் என்பதால் அரைக் கரண்டியைத் தாண்டுவதில்லை.

பழைய செமி ஆட்டோமேட்டிக் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது, ஏனெனில் எந்த நிமிடமும் நிறுத்தித் திறந்து பார்க்கலாம். தொட்டி பிளாஸ்டிக் என்பதால் சூட்டை 50 பாகையில் நிறுத்துகிறேன்: கொதிக்கும் நீர் ஒரு பங்கு, குழாய் நீர் இரண்டரைப் பங்கு. பின்னலை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட வேண்டும், இல்லையென்றால் உதிரும் ரோமம் வடிகுழாயை அடைத்துவிடும். உராய்வுக்குச் சாயம் போகாத பழைய ஜீன்ஸ் ஒன்று கூடவே சுற்றும். முதலில் வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும். துணி இன்னும் நீளும்கூட. பிறகு திடீரென்று சுருங்கத் தொடங்கும். அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஸ்கேல் வைத்து அளக்கிறேன். வேண்டிய அளவு வந்ததும் குளிர்ந்த நீரில் அலசல். சூட்டிலிருந்து சட்டென்று குளிரில் முக்கினால்தான் சுருங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில் வேலையைச் செய்வது உராய்வுதான். டிரையரில் அரை நிமிடத்துக்கு மேல் சுற்றவிடக் கூடாது. மடிப்பு விழுந்தால் அப்படியே நிலைத்துவிடும்.

ஈரமாக இருக்கும்போதே வடிவம் கொடுத்துவிட வேண்டும். உறைக்குள் பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய மரத்துண்டை நுழைத்து, ஓரங்களை விரலால் நீவி, மின்விசிறியின் கீழே வைக்கிறேன். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வைத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. மழைக்காலத்தில் உலர்ந்துவிட்டது என்று நம்பிப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை வாடை வரும். அடுத்த நாள் வெயிலிலும் ஒருமுறை காட்டிவிடுகிறேன்.

கைப்பை இதே கணக்கில் பெரிய அளவில்: 92 கண்ணி, 272 வரிசை. இயந்திரத்திலிருந்து இறங்கும்போது முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். சலவைக்குப் பின் 30-க்கு 28 செ.மீ. பை. கைப்பிடிக்குத் துளையைப் பின்னலில் விடாமல், உலர்ந்தபின் பேனாக் கத்தியால் நேராகக் கீறினேன். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா அந்தக் கீறலை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “ஓவர்லாக் போடாமல் இது தாங்குமா, தம்பி?” என்றார். அந்தப் பையில்தான் இப்போது காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து பழைய புத்தகங்கள் வருகின்றன. கீறல் ஒரு நூல்கூட விடவில்லை.

இரு நிறப் பட்டைகள் இன்னும் என் விருப்பப்படி வரவில்லை. வெளுத்த வெள்ளை நூல் மெதுவாகச் சுருங்குகிறது, சாயமேற்றாத பழுப்பு நூல் வேகமாக. பை ஓரம் அலையடிக்கிறது. வெள்ளையையும் வெளுக்காத நூலாகவே எடுத்து மீண்டும் மாதிரித் துண்டு போட்டிருக்கிறேன். நீலகிரிச் செம்மறி ஆட்டின் மெல்லிய ரோமத்தில் நூற்ற நூல் கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்து அளக்க ஆசை. முடிந்த பொருள்களை அந்துப்பூச்சி தின்னாமலிருக்க வசம்புத் துண்டு போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன்; மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறுவதும் உண்டு.